குப்பை வண்டிப் பக்கமும் எட்டு விளம்பரங்களும்

கட்டைவிரல் ஈரமாக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். பெய்ரோங் இடது கையில் இரண்டு குப்பைப் பைகளைத் தொங்கவிட்டு, குடைக்காம்பைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி, வலது கையில் கைபேசியைப் பிடித்தபடி மலைப்படிகளில் இறங்கிக்கொண்டிருந்தாள். தைவானின் துறைமுக ஊரான கீலுங்கில் மழை பெய்யாத மாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். குப்பை வண்டி இந்தப் படிகளில் ஏறி வராது. கீழே தெருமுனையில் வந்து, தன் பியானோ மெட்டை ஒலித்தபடி சற்று நேரம் நிற்கும்; பிறகு அடுத்த முனைக்குப் போய்விடும். முன்கூட்டியே பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வரலாம் என்றால் தரையில் வைத்தால் அபராதம். அவரவர் குப்பையை அவரவர் கையாலேயே வண்டிக்குள் போட வேண்டும். அதனால், வண்டி இப்போது எந்த முனையில் நிற்கிறது என்று காட்டும் ஓர் இணையப் பக்கத்தை ஊரில் பாதிப் பேர் கையில் வைத்திருந்தார்கள்.

பெய்ரோங்கும் அதைத்தான் திறந்தாள். வரைபடம் வருவதற்கு முன்னால், உடம்பு பிடித்துவிடும் நாற்காலியின் விளம்பரம் ஒன்று திரையை அடைத்துக்கொண்டு வந்தது. அதை மூடுவதற்காக மூலையிலிருந்த பெருக்கல் குறியைத் தொட்டாள். விரல் வழுக்கி, சவுரிமுடிக் கடை ஒன்று திறந்துகொண்டது. திரும்பி வந்தாள். இந்தமுறை வரைபடம் தெரிந்தது. வண்டியைக் காட்டும் மஞ்சள் புள்ளியைத் தொடப் போன நேரத்தில் பக்கம் மொத்தமாகக் கீழே நகர்ந்து, பல்செட் பசை விளம்பரம் அவள் விரலுக்கடியில் வந்து உட்கார்ந்தது. அதற்குள் கீழே மெட்டு ஒலித்து, தேய்ந்து, நின்றே போய்விட்டது. கடைசிப் படியில் அவள் கால் வைத்தபோது வண்டியின் சிவப்புப் பின்விளக்குதான் வளைவில் தெரிந்தது.

வண்டியைத் தவறவிடுவது யாருக்கும் நடப்பதுதான். ஆனால் அந்தப் பக்கத்தை உருவாக்கியவளே பெய்ரோங்தான். அந்த எட்டு விளம்பரங்களையும் தேடிப்பிடித்து வைத்தவளும் அவள்தான். காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவள் காசு வாங்கிக்கொண்டு வைத்துக்கொண்டாள்.

தெருமுனையில் அவளைப் போலவே ஏமாந்தவர்கள் ஐந்தாறு பேர் பைகளோடு நின்றார்கள். நடுவில் லாய் அக்கா. கோயில் தெருவில் மீன் உருண்டைக் கடை வைத்திருப்பவள். அவள் மெதுவாகப் பேசினாலே மூன்றாவது மாடி ஜன்னல் திறக்கும்.

"வண்டி எங்கடான்னு கேட்டா பல்செட்டுக்குப் பசை காட்டுறான். என் வாயில அத்தன பல்லும் முத்தாட்டம் இருக்கு, எனக்கெதுக்குப் பசை?"

"எனக்கு சவுரிமுடி காட்டுச்சுக்கா" என்றார் டாக்ஸி ஓட்டும் வூ.

லாய் அக்கா அவருடைய வழுக்கையைப் பார்த்தாள். "உனக்குச் சரியாத்தான் காட்டிருக்கான். என்னையச் சொல்லு. இந்தப் பை முழுக்க மீன் குடல். நாளைக்கு வண்டி வராத நாள். நாளன்னிக்கு வரைக்கும் இத நான் தலையணைக்கு அடியிலயா வெச்சுக்குவேன்? இந்தப் பக்கத்த நடத்துற பாவி எவனோ, அவன் வீட்டுக் குப்பை வீட்ட விட்டு வெளிய போவக் கூடாது. அங்கயே கெடந்து நாறணும். நீ என்னம்மா சொல்ற?"

கேள்வி பெய்ரோங்கைப் பார்த்துத்தான். அவள் தன் கையிலிருந்த இரண்டு பைகளையும் பார்த்தாள். சாபம் வாயிலிருந்து விழுவதற்கு முன்பே பலித்திருந்தது.

"அநியாயம்தாங்க்கா" என்றாள். வேறு என்ன சொல்வது? பைகளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் படியேறினாள்.

பக்கத்தைத் தொடங்கியபோது அவள் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில், சரக்குப் பெட்டிகள் எந்தக் கப்பலில் எங்கே வருகின்றன என்று கணினியில் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தாள். கடலில் மிதக்கும் பெட்டி எங்கே என்று தெரிகிறது, நம் தெருவுக்கு வரும் குப்பை வண்டி எங்கே என்று தெரியவில்லையே என்று ஒரு நாள் தோன்றியது. வண்டிகள் நிற்கும் இடத்தின் விவரத்தை நகராட்சி இணையத்தில் எல்லாருக்கும் திறந்துதான் வைத்திருந்தது. ஆனால் அதை எண்களிலிருந்து எடுத்துப் படித்துக்கொண்டு யார் குப்பையைத் தூக்குவார்கள்? அவள் அதை ஒரு வரைபடமும் ஒரு மஞ்சள் புள்ளியுமாக மாற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒருத்தர் இன்னொருத்தருக்கு அனுப்பி, அது தானாகவே மலை மலையாகப் பரவியது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கையில் தன் மஞ்சள் புள்ளி நகர்வதை முதல்முறை பார்த்த அன்று பெய்ரோங் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

அலுவலகம் மூடப்பட்ட பிறகுதான் விளம்பரம் வந்தது. முதலில் ஒன்று. அது கொஞ்சம் கொடுத்தது. அவளுடைய அக்கா சியூரோங் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பெட்டிச் சாப்பாடு விற்கும் கடை வைத்திருந்தாள். அக்கா புருஷன் அங்கே கோழித்தொடை பொரிக்கும் நேரம் போக மிச்ச நேரத்தில் உலகத்துக்கு யோசனை சொல்வார்.

"ஒரு தூண்டில் போட்டா ஒரு மீன். எட்டுத் தூண்டில் போட்டா? துறைமுகத்துல பொறந்தவளுக்கு இதக்கூட நான் சொல்லணுமா?" என்றார்.

அவள் இரண்டு வைத்தாள், வருமானம் ஏறியது. நான்கு வைத்தாள், இன்னும் ஏறியது. எட்டு வைத்தபோது மழை நாட்களில் வருமானம் எகிறிக் குதித்தது. மழை பெய்தால் மக்களுக்குப் பல்செட் பசை வாங்கத் தோன்றுகிறது போலும் என்று அத்தான் ஒரு கொள்கையே வகுத்தார். அவளும் அதை நம்பினாள். வரும்படி வந்தால் எந்தக் கொள்கையும் சரியாகத்தான் படும்.

அக்காவுக்குக் கொள்கை எதுவும் கிடையாது, கெடு மட்டும் உண்டு. "ஏழாம் மாசம் ஆவிங்களுக்குப் போடுற படையல் முடியுற வரைக்கும் பாரு. அதுக்குள்ள கப்பல் ஆபீசுல வாங்குன சம்பளத்த இது குடுத்துச்சுன்னா உன் இஷ்டம். இல்லேன்னா பேசாம வந்து என் கல்லாவுல உக்காரு" என்று சொல்லியிருந்தாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் கல்லாவில் உட்கார்ந்தால் மாலைக் கூட்டம் முடிய இரவாகும். மாலைதான் ஊரில் வண்டி வரும் நேரம். புள்ளி நின்றுபோனால், பாதை மாறினால், யார் பார்ப்பது? பக்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான். பெய்ரோங் தன் வாழ்க்கையில் தானாக உண்டாக்கிய ஒரே பொருள் அது. முன்பின் தெரியாத மனிதர்கள் அதை நம்பி வீட்டைவிட்டு இறங்குகிறார்கள்.

வண்டியைத் தவறவிட்ட மறுநாள் காலை விளம்பர நிறுவனத்திடமிருந்து எச்சரிக்கை வந்தது. அவளுடைய பக்கத்தில் விளம்பரத்தைத் தொடுகிறவர்களில் பெரும்பாலோர் தொட்ட வேகத்திலேயே ஓடி வந்துவிடுகிறார்கள். இவை தெரியாமல் படும் விரல்கள். இவற்றுக்குப் பணம் கிடையாது. இப்படியே நீடித்தால் கணக்கு மூடப்படும். அத்தானிடம் காட்டினாள்.

அவர் எண்ணெய்க் கரண்டியை உதறிவிட்டுப் படித்தார். "எப்படியும் மூடப் போறான். அதுக்குள்ள ஒம்பதாவது ஒண்ணு போட்டு அறுவடை பண்ணிக்கோ."

அடுத்த வண்டி நாளில், நாற்றமெடுத்த பழைய பைகளோடு வழக்கத்தைவிட வெகு முன்னாலேயே கீழே இறங்கினாள். கைபேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. மற்றவர்களின் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இத்தனை நாள் அவள் எண்களைத்தான் பார்த்திருந்தாள். விரலைப் பார்த்ததில்லை. படியிலிருந்து ஓடி வருகிறவர்களுக்கு ஒரு கை குப்பைக்கு, கழுத்து குடைக்கு. மிச்சமிருப்பது நனைந்த ஒரு கட்டைவிரல். அது மஞ்சள் புள்ளியை நோக்கிப் போகும். போகிற வழியில் பக்கம் நகர்ந்துவிடும். விரல் விளம்பரத்தில் விழும். உடனே முகம் சுளித்து, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, திரும்பி வருவார்கள். மழை நாளின் வருமானம் இதுதான். பசை வாங்கும் ஆசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தெருவே தனக்கு வசையைத்தான் கூலியாகக் கொடுத்துக்கொண்டிருந்தது என்று புரிந்தபோது அவள் காது சிவந்தது.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தாள். சீக்கிரமே இறங்கி வந்துவிட்டவர்கள், கடை ஓரக் கூரைக்குக் கீழே நின்றார்கள். வண்டி இன்னும் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர்கள் புள்ளியைப் பார்த்தாயிற்று, பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றியாயிற்று, பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றிப் பேசியும் ஆயிற்று. அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லாமல் கைபேசியையே வெறித்தார்கள். டாக்ஸி வூ, சுவரில் ஒட்டியிருந்த, போன வருடத்துக் குழாய் பழுது அறிவிப்பை ஒரு எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தார். வண்டி தொலைவில் இருக்கும்போது இந்த மனிதர்களைப் போல ஓய்ந்த கண்கள் உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. வண்டி கிட்டே வந்துவிட்டால் அவர்களுக்குக் கண்ணே கிடையாது, காது மட்டும்தான்.

எத்தனை விளம்பரம் என்பதை அத்தனை மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எப்போது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அன்றைக்கு வண்டியில் பைகளைப் போடக்கூட மறந்திருப்பாள். வூதான் முழங்கையால் இடித்தார். வீட்டுக்கு வந்து விளம்பரங்களை எடுக்கத் தொடங்கினாள். நாற்காலியை எடுக்கும்போது கை லேசாக இருந்தது. சவுரிமுடியும் பசையும் போனபோது வயிறு எரிந்தது, ஏனென்றால் அவைதான் அதிகம் கொடுத்தவை, கொடுப்பதாகக் காட்டியவை. ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். அதையும் வரைபடத்துக்கு அடியில், நகராத ஒரு கட்டத்துக்குள் உட்கார வைத்தாள். வண்டி தொலைவில் இருக்கும்போது மட்டும் அது தெரியும். இரண்டு முனை தள்ளி வண்டி வந்துவிட்டால் அது மறைந்துவிடும்; திரையில் மஞ்சள் புள்ளியைத் தவிர வேறொன்றும் இருக்காது.

வருமானம் படுத்துவிட்டது. அத்தான் செய்தி கேட்டு, கோழித்தொடையைக் கருகவிட்டார்.

"ஏழு தூண்டில சுருட்டிட்டு ஒண்ண வெச்சிருக்கியா? மீனு வந்து உன்கிட்ட டோக்கன் வாங்கிட்டு நிக்குமா?"

"எட்டும் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிச்சு அத்தான். மீனு மாட்டல, நாந்தான் மாட்டுனேன்."

மறுநாள் அக்கா கடையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி அனுப்பியபோது, கூடவே மடித்த புது மேலங்கி ஒன்றும் வந்தது. கல்லாவில் உட்காருகிறவர்கள் போட்டுக்கொள்ளும் நீல நிற மழுமழுப்பு அங்கி. மார்பில் கடையின் பெயர். பெய்ரோங் அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்தாள். காலையில் கதவைச் சாத்தும்போதெல்லாம் அது அவளைப் பார்த்தது.

மாற்றம் கிழங்கு விற்பவனின் தள்ளுவண்டி மாதிரி மெதுவாகத்தான் வந்தது. பக்கத்தைத் திறந்தவர்கள் அதை மூடாமல் வைத்திருந்தார்கள். பார்த்துவிட்டு ஓடியவர்கள் எல்லாம் இப்போது காத்திருக்கும் நேரம் முழுக்க அதிலேயே இருந்தார்கள். விட்டுப் போனவர்கள் திரும்ப வந்தார்கள். அந்த ஒற்றை விளம்பரத்தைத் தொட்டவர்கள் தெரிந்தே தொட்டார்கள். தொட்டவர்கள் போய் அங்கே நின்று படித்தார்கள். எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. தெரிந்து தொடுகிற விரலுக்கு விலை அதிகம் என்பதால் அந்த ஒரு கட்டத்துக்கு விளம்பரக்காரர்கள் கொடுக்கத் தயாராக இருந்த தொகை வாராவாரம் ஏறியது. ஏறியும், கணக்கில் அவள் பழைய சம்பளத்துக்குப் போட்டு வைத்திருந்த கோடு எட்டாத உயரத்திலேயே இருந்தது. ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. வாசல்தோறும் ஆவிகளுக்குப் படையல் மேசை போட்டார்கள்.

கீலுங்கில் ஏழாம் மாதத்துப் பெரிய ஊர்வலம் என்றால் ஊர் ஊராக இருக்காது. அன்று குலத்துக்குக் குலம் மேளமும் தாளமும் விளக்கு வண்டிகளுமாகத் தெருவில் இறங்கிவிடும். பெரிய சாலைகளை அடைத்துவிடுவார்கள். குப்பை வண்டிகள் சந்து பொந்து வழியாகச் சுற்றிக்கொண்டு, எப்போது எந்த முனைக்கு வரும் என்று வண்டிக்காரருக்கே தெரியாமல் வரும். அன்றைக்கென்று பார்த்து வீட்டுக்கு வீடு படையல் மிச்சம்: பழத்தோல், எலும்பு, அட்டைப்பெட்டி, சாம்பல். மற்ற நாளில் ஊரே வண்டியைக் காதால்தான் பிடிக்கும். அன்று மேளச் சத்தத்தில் பியானோ மெட்டு எவர் காதிலும் விழாது. வருடாவருடம் அன்று பாதி ஊர் குப்பையோடுதான் தூங்கும். ஊர் அதை ஆவிகளின் குறும்பு என்று சொல்லித் தேற்றிக்கொள்ளும்.

அன்றும் மழை. பெய்ரோங் பைகளை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள், மழைச்சட்டையைக் காணவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கிய நீல அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் ஒட்டாத நல்ல துணி.

தெருமுனையில் கூட்டம். மேளம் மலைகளில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. ஆனால் ஒருவர் முகத்திலும் பதற்றம் இல்லை. அத்தனை பேர் கையிலும் வெளிச்சம். அத்தனை வெளிச்சத்திலும் ஒரே மஞ்சள் புள்ளி, மீன்பிடித் துறையைத் தாண்டி, பள்ளிக்கூடச் சந்தில் திரும்பிக்கொண்டிருந்தது. புள்ளி தொலைவில் இருந்ததால் அடியில் மழைச்சட்டை விளம்பரம் ஒன்று தெரிந்தது. வூ அதை நிதானமாகத் துடைத்த விரலால் தொட்டு, அளவு பார்த்து, "பரவால்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெய்ரோங் தன் கைபேசியில் பக்கத்தின் கணக்கைத் திறந்தாள். வருகிறவர்களின் எண்ணிக்கை ஏறிய வேகத்தைப் பார்த்து ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்துபோனாள். கெடவில்லை. எல்லா மலைகளிலும், எல்லாப் படிகளின் அடியிலும், இதே போல் நின்றுகொண்டிருந்தார்கள். வரவுக்கான கோடு பழைய சம்பளத்தைத் தொட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தாண்டி மேலே போனது.

உடம்பு முழுக்க ஏதோ ஏறியது. கத்த வேண்டும் போலிருந்தது. அந்த மேளத்தில் கத்தினாலும் யாருக்கும் கேட்டிருக்காது. அக்காவைக் கூப்பிட்டாள். எடுத்தது அத்தான். விஷயத்தைக் காதைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"ஒண்ணே இவ்ளோ குடுக்குதுன்னா, கேளு, எட்டு வெச்சா..."

"அத்தான், வண்டி வருது. வெக்கிறேன்."

புள்ளி இரண்டு முனை தள்ளி வந்துவிட்டிருந்தது. எல்லாக் கைபேசிகளிலும் மழைச்சட்டை மறைந்தது. யாரும் சொல்லாமலே கூட்டம் பைகளைத் தூக்கிக்கொண்டு சாலை ஓரத்துக்கு நகர்ந்தது. லாய் அக்கா இரண்டு கையிலும் மூட்டைகளோடு பெய்ரோங் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏம்மா, நீ கப்பல் ஆபீசுல கம்ப்யூட்டர் பாத்தவதான? இந்தப் பக்கத்த நடத்துறவன் யாருன்னு விசாரிச்சுச் சொல்லேன். என் மீன் உருண்டைய அந்தக் கட்டத்துல போடணும். ஊரே பாக்குது. ஒரே ஒரு எடம்தான் வெச்சிருக்கான், கெட்டிக்காரப் பய. வேற எவனும் புடிக்கிறதுக்கு முன்னால நான் புடிக்கணும்."

"பய இல்லக்கா" என்றாள் பெய்ரோங். "நாந்தான்."

லாய் அக்கா சரியாகக் கேட்கவில்லை என்று காதை நீட்டினாள். பெய்ரோங் இன்னொரு தடவை, மேளத்துக்கு மேலே சொன்னாள். லாய் அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. முத்துப் போல அத்தனை பல்லும் தெரிந்தன. அவள் மனம் பின்னோக்கிப் போவதை முகத்திலேயே படிக்க முடிந்தது. பல்செட் பசை வரைக்கும் போனது. மீன் குடல் வரைக்கும் போனது. அதற்கப்புறம், அன்று தான் விட்ட சாபத்தில் போய் முட்டியது. ஏழாம் மாதம், ஆவிகள் தெருவில் திரிகிற நாள், வாயில் வந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிற நாள். லாய் அக்கா இதற்கெல்லாம் பயப்படுகிறவள்.

"அன்னிக்கு... உன் பை போச்சா?"

"போவலக்கா. ரெண்டு நாள் வீட்டுலயே நாறிச்சு."

வளைவில் மஞ்சள் வண்டி திரும்பியது. அதன் மெட்டு மேளத்துக்குள் எங்கேயோ அமுங்கி, ஒரு நூல் போலக் கேட்டது. லாய் அக்கா தன் மூட்டைகளை வூவின் கையில் திணித்தாள். பெய்ரோங் கையிலிருந்த பைகளைப் பிடுங்கினாள். கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னால் போய், வண்டியின் திறந்த வாயெதிரே நின்று, இரண்டு பைகளையும் தலைக்கு மேலே தூக்கி, மீன் சந்தையில் ஐஸ் கட்டி தூக்கிய கையின் முழு பலத்தோடு உள்ளே எறிந்தாள்.

"போ" என்றாள். "போயிடு. திரும்பி வராத."

வண்டி பைகளை விழுங்கிக்கொண்டு நகர்ந்தது. மழையில் நனைந்த நீல அங்கியோடு பெய்ரோங் சாலை நடுவில் நின்று பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை. சுற்றிலும் நூறு கைகளில், மஞ்சள் புள்ளி அடுத்த மலையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.